புகைக்கரியைத் தொடுவது எது? பிளாட்டினம், சீரியம், வெள்ளி, பொட்டாசியம்: ஓர் ஒப்பீடு

போன மாதம் ஆயில் மாற்றப் போயிருந்தபோது ஒர்க்‌ஷாப்பில் இரண்டு டீசல் கார்கள் அடுத்தடுத்து நின்றன. ஒன்று 2016-இல் வாங்கிய பி.எஸ்-4 வண்டி (பி.எஸ் என்பது இந்தியாவின் வண்டிப் புகை வரம்பு விதி). மற்றது என்னுடைய பி.எஸ்-6. மெக்கானிக் பனியன் வேஸ்ட்டை விரலில் சுற்றி, முதல் காரின் சைலன்சர் வாய்க்குள் விட்டு ஒரு சுற்று சுற்றி எடுத்தார். அகல் விளக்குக்கு மேலே தட்டைக் கவிழ்த்து எடுத்த கண்மை மாதிரி கன்னங்கரேலென்று ஒட்டிக்கொண்டு வந்தது. என் காரிலும் அதையே செய்தார். துணியில் லேசான சாம்பல் நிறத் தூசு, அவ்வளவுதான். “கரி எங்கயும் போகல சார், எல்லாம் உள்ளயே நிக்குது” என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. உள்ளே நிற்கும் அந்தக் கரியை எரித்துக் காலி செய்ய என்னென்ன வினையூக்கிகள் இருக்கின்றன, அவற்றில் எது எந்த வண்டிக்குச் சரிப்படும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. வேதியியல் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் இரண்டு வருடம் இந்தக் கரியோடுதான் மல்லுக்கட்டினேன். இப்போது டீசல் கார் வைத்திருப்பவனாக மறுபடியும் அதே கரி.

எரிய மறுக்கும் கரி

டிபிஎஃப் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் துகள் வடிகட்டி, பீங்கானால் செய்த தேன்கூடு. சதுர அங்குலத்துக்கு 200 முதல் 300 மெல்லிய குழாய்கள் இருக்கும். ஒரு குழாய் முன்பக்கம் திறந்து பின்பக்கம் அடைத்திருக்கும். அடுத்த குழாய் அதற்கு நேர்மாறு. உள்ளே நுழைந்த புகை, நுண்துளைச் சுவரை ஊடுருவிப் பக்கத்துக் குழாய்க்குப் போனால்தான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும்.

பி.எஸ்-4 டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வரை அனுமதி இருந்தது. 2020 ஏப்ரல் 1-இல் நாடு முழுக்க வந்த பி.எஸ்-6 அதை 4.5 மில்லிகிராமாக்கியது. அதோடு துகள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: கிலோமீட்டருக்கு 60,000 கோடி. கேட்க ஏராளமாகத் தோன்றும். ஆனால் வடிகட்டி இல்லாத டீசல் இன்ஜின் இதைப் போலப் பல மடங்கு கக்கும். இன்ஜினை மட்டும் எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் அந்த எண்ணுக்கு இறங்குவது கடினம். அதனால்தான் வடிகட்டி.

சரி, பிடித்து வைத்தாயிற்று. அப்புறம்? ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள வடிகட்டி 5 முதல் 8 கிராம் கரிதான் தாங்கும். காரில் உள்ள 3 லிட்டர் வடிகட்டி என்றால் 20 கிராம் சொச்சத்திலேயே நிரம்பிவிடும். அதற்கு மேல் விட்டால் புகை போக வழியில்லாமல் இன்ஜின் திணறும். அளவு மீறிச் சேர்ந்த கரி ஒரேயடியாகப் பற்றிக்கொண்டால் உள்ளே சூடு 1000 டிகிரியைத் தாண்டிப் பீங்கானே விரிசல் விடும். அதனால் சேரச் சேர எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். கரி ஆக்சிஜனில் தானாக எரிய 550 முதல் 600 டிகிரி வேண்டும். நகரத்துக்குள் ஓடும் காரின் புகையோ வடிகட்டியை அடையும்போது 150 முதல் 250 டிகிரிதான் இருக்கும். நெடுஞ்சாலையில் நன்றாக மிதித்தால் 300, 400 வரை போகும்.

சூடு அதிகமாக இருக்கும் இடத்துக்கே வடிகட்டியைத் தள்ளிப் பார்த்தவர்களும் உண்டு. 1985-இல் மெர்சிடீஸ் கலிபோர்னியாவில் விற்ற டீசல் கார்களில், புகையின் வேகத்தில் சுழலும் டர்போவுக்கு முன்னாலேயே வடிகட்டியைப் பொருத்தியது. சூடு கிடைத்தது. ஆனால் பீங்கான் நொறுங்கி, துணுக்குகள் டர்போவுக்குள் புகுந்து அதையும் பாழாக்கின. புகையின் சூட்டை 600-க்கு ஏற்றுவது ஒரு வழி என்றால், கரி எரியும் சூட்டைக் கீழே இறக்குவது இன்னொரு வழி. வினையூக்கியின் வேலை இரண்டாவது.

கல்வமும் கரண்டியும்

முதலாண்டில் நான் செய்த சோதனை ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். சீரியம் ஆக்சைடு, அதாவது சீரியா, வெளிர் மஞ்சள் தூள். அச்சு மை செய்யப் பயன்படும் கரித்தூள், கறுப்பு. இரண்டையும் கல்வத்தில் போட்டு, மஞ்சள் மறைந்து முழுக்கச் சாம்பல் நிறமாகும் வரை அரைத்தேன். பிறகு, சூடேற்றிக்கொண்டே எடை பார்க்கும் கருவியில் வைத்தேன். 400 டிகிரியை ஒட்டியே பாதிக் கரி எரிந்து போயிருந்தது. தனிக் கரிக்கு 600 வேண்டியிருந்த இடத்தில் இது பெரிய இறக்கம். சந்தோஷமாக ஓடிப்போய்க் காட்டினேன்.

என் ஆய்வு வழிகாட்டியான மேடம் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வண்டிக்குள்ள யாருப்பா உனக்கு அரைச்சுக் குடுப்பாங்க?”

அடுத்த நாள் அதே சீரியா, அதே கரி, அதே விகிதம். இந்த முறை சிறு கரண்டியால் மெதுவாகப் புரட்டிக் கலந்தேன், அவ்வளவுதான். உற்றுப் பார்த்தால் மஞ்சள் திட்டு ஒரு பக்கம், கறுப்புத் திட்டு ஒரு பக்கம். கருவியில் வைத்தால் 500 டிகிரி தாண்டியும் பாதி எரியவில்லை. அரைத்ததற்கும் கலந்ததற்கும் நடுவே 100 டிகிரிக்கு மேல் வித்தியாசம்.

காரணம் எளிது. கார்பன் மோனாக்சைடு போன்ற வாயு, வினையூக்கி இருக்கும் இடத்துக்குத் தானே வந்து மோதும். கரி அப்படி வராது. கரியும் திடப்பொருள், வினையூக்கியும் திடப்பொருள். இரண்டும் தொடுகிற ஒரு சில புள்ளிகளில் மட்டும்தான் வேலை நடக்கும். பாத்திரத்தின் மேல் சாம்பலைத் தூவிவிட்டுப் போனால் அது துலங்குமா? தேய்க்க வேண்டும். வடிகட்டிச் சுவரில் படிகிற கரி, பூச்சின் மேல் பஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கும். அது கரண்டியால் கலந்த கலவைக்குத்தான் நெருக்கம், கல்வத்தில் அரைத்ததற்கு இல்லை. கரி எரிப்பைப் பற்றிய எந்த விளம்பரத்தைப் படித்தாலும், எந்த ஆய்வைப் படித்தாலும், அந்தச் சூட்டு அளவு எப்படிக் கலந்த கரிக்குக் கிடைத்தது என்று முதலில் பாருங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆக, இங்கே போட்டியிடுகிற ஒவ்வொரு வினையூக்கியும், “நான் கரியிடம் எப்படிப் போய்ச் சேருவேன்?” என்ற கேள்விக்கு ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது.

பிளாட்டினம்: தூது விடும் வழி

பிளாட்டினம் கரியைத் தொடுவதற்கு மெனக்கெடுவதே இல்லை. தான் இருந்த இடத்தில் இருந்துகொண்டு ஒரு வாயுவைத் தூது அனுப்புகிறது. டீசல் புகையில் நைட்ரிக் ஆக்சைடு ஏற்கெனவே இருக்கிறது. வடிகட்டிக்கு முன்னால் உள்ள ஆக்சிஜனேற்ற வினையூக்கியில் பிளாட்டினம் அதை நைட்ரஜன் டைஆக்சைடாக மாற்றுகிறது. இந்த வாயு ஆக்சிஜனைவிடக் கரிக்குப் பெரிய எதிரி. 250 டிகிரியிலேயே கரியை அரிக்கத் தொடங்கும். வாயு என்பதால் பஞ்சுப் பொதி போன்ற கரிக்குள் எந்த மூலைக்கும் நுழையும். கல்வமும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம்.

பிரிட்டனின் ஜான்சன் மேத்தி நிறுவன ஆய்வாளர்கள் 1980-களின் கடைசியில் இந்த வழியை முன்வைத்தார்கள். 1990-களின் நடுவில் ஐரோப்பியப் பேருந்துகளில் இது ஓடத் தொடங்கியது. கந்தகம் மிகக் குறைந்த டீசல் முன்பே கிடைத்த ஸ்வீடன் போன்ற நாடுகளில் முதலில் வேரூன்றியதில் ஆச்சரியமில்லை. ஏனென்று கீழே சொல்கிறேன்.

இன்று நம் சாலைகளில் ஓடும் பி.எஸ்-6 டீசல் கார்களில் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான். முன்னால் பிளாட்டினமும் பல்லேடியமும் கலந்த வினையூக்கி. பல்லேடியம் சேர்ப்பது செலவுக்காக மட்டுமல்ல, சூட்டில் பிளாட்டினத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாவதையும் அது தடுக்கும். பின்னால் வடிகட்டிச் சுவரிலும் மெல்லிய பூச்சு. கரியை எரித்த நைட்ரஜன் டைஆக்சைடு திரும்ப நைட்ரிக் ஆக்சைடாகிவிடும். சுவரில் உள்ள பிளாட்டினம் அதை மறுபடி டைஆக்சைடாக்கி இன்னொரு நடை அனுப்பும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பலவீனமும் தெரியும். 12 கிராம் கார்பனை எரிக்க 92 கிராம் நைட்ரஜன் டைஆக்சைடு வேண்டும். அதாவது கரியின் எடையைப் போல ஏறக்குறைய 8 மடங்கு. நடைமுறையில் இன்னும் நிறைய இருந்தால்தான் நிம்மதி. ஆனால் இன்ஜினுக்குள் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கத்தானே புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே விடுகிறோம்? அப்படி விட்டால் கரி கூடும், தூதுவன் குறைவான். ஒரு கை செய்வதை மறு கை கெடுக்கிற கதை.

சூடும் ஒரு வரையறைக்குள் இருக்க வேண்டும். 250-க்குக் கீழே பிளாட்டினம் சோம்பும். 450-ஐ நெருங்கினால் நைட்ரஜன் டைஆக்சைடு நிலைக்காமல் பழையபடி உடையும். நடுவில் உள்ள அந்த 150, 200 டிகிரிதான் அதன் ஆடுகளம். சேலத்திலிருந்து சரக்கேற்றி வரும் லாரிக்கு இது நாள் முழுக்கக் கிடைக்கும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும் காருக்குக் கிடைக்காது.

அடுத்து கந்தகம். பிளாட்டினத்துக்கு நைட்ரிக் ஆக்சைடுக்கும் கந்தக டைஆக்சைடுக்கும் பேதம் தெரியாது. அதையும் ஆக்சிஜனேற்றி சல்பேட்டாக்கும். அது வினையூக்கியின் மேலேயே படிந்து முகத்தை மூடும். மீதி, புதுத் துகளாக வெளியே போகும். கரியைக் குறைக்க வைத்த கருவியே துகளைக் கூட்டினால் என்ன பயன்? இந்தியாவில் பி.எஸ்-2 டீசலில் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரை கந்தகம் இருந்தது. பி.எஸ்-3-இல் 350, பி.எஸ்-4-இல் 50. பி.எஸ்-6-இல் 10. சுத்திகரிப்பு ஆலைகள் இந்தக் கடைசிப் படியை ஏறியிருக்காவிட்டால் பிளாட்டின வடிகட்டிகள் இங்கே நிலைத்திருக்காது. பி.எஸ்-6 என்றால் எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறோம். என்னைக் கேட்டால் பெருமையில் சரிபாதி அந்த 10 பிபிஎம் டீசலுக்குச் சேரும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வேலை முடிந்தபின் மிஞ்சிய நைட்ரஜன் டைஆக்சைடு வெளியே வந்தால் அதுவே நுரையீரலுக்குக் கேடு. காற்றோட்டம் குறைந்த சுரங்கங்களில் பிளாட்டினப் பூச்சு வடிகட்டிகளைப் பார்த்து அஞ்சுவது இதனால்தான். கலிபோர்னியா, பழைய வண்டிகளில் பொருத்தும் வடிகட்டிகள் கூட்டும் நைட்ரஜன் டைஆக்சைடு, அந்த இன்ஜின் முன்பு விட்ட மொத்த நைட்ரஜன் ஆக்சைடுகளில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2009 முதல் விதி வைத்தது. பின்னால், நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க யூரியா திரவம் தெளிக்கும் வினையூக்கி இருந்தால் இந்தப் பயம் வெகுவாகக் குறையும். நம் பி.எஸ்-6 லாரிகளில் அது இருக்கிறது.

ஒரு டிப்ஸ்டிக் சொன்ன கதை

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். தாம்பரத்தில் வீடு. பள்ளிக்கு 4 கிலோமீட்டர், காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. இரண்டு மாதம் வேறெங்கும் போகவில்லை. ஒரு நாள் டேஷ்போர்டில் வடிகட்டி விளக்கு மஞ்சளாக எரிந்தது.

தூது வழி பலிக்காதபோது கார் தன் கடைசி ஆயுதத்தை எடுக்கும். எரிந்து முடிந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். அது எரியாமல் புகையோடு போய் முன் வினையூக்கியில் எரிந்து, புகையை 600 டிகிரிக்கு ஏற்றும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். 10, 15 நிமிடம் தொடர்ந்து ஓடினால் முடிந்துவிடும். என் பள்ளி நடையோ 12 நிமிடம். இன்ஜின் சூடாவதற்கே பாதி போய்விடும். ரீஜென் தொடங்கும், நான் அணைப்பேன். தொடங்கும், அணைப்பேன்.

ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் குறையும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடியது, முகர்ந்தால் டீசல் வாடை. பாதியில் நின்ற ஒவ்வொரு ரீஜெனிலும் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் முதலில், “ஆயில் அதிகமா ஊத்திட்டாங்க போல சார்” என்று சமாளித்தார்கள். டீசல் வாடையைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். வண்டி விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்ற வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

சீரியம்: டீசலிலேயே கலந்துவிடும் வழி

மேடம் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் ஒன்று பிரான்சிலிருந்து வந்தது. வண்டிக்குள் யாரும் அரைத்துக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் கரி பிறக்கும்போதே வினையூக்கி அதன் வயிற்றுக்குள் இருந்தால்?

2000-இல் வந்த பூஷோ 607 காரில் இதைச் செய்தார்கள். ரோடியா நிறுவனம் தயாரித்த ஈயோலிஸ் என்ற சீரியம் கரைசல், சுமார் 5 லிட்டர், தனித் தொட்டியில் இருக்கும். டீசல் போட மூடியைத் திறந்து மூடியதை கார் உணர்ந்துகொள்ளும். எவ்வளவு டீசல் ஏறியது என்று கணக்கிட்டு அதற்கேற்பச் சில துளிகளை டேங்கில் விடும். டீசலோடு சேர்ந்து எரியும்போது சீரியம் நுண்ணிய ஆக்சைடு துகள்களாகிக் கரிக்குள்ளேயே பொதிந்துவிடும். கல்வத்தில் அரைத்ததைவிட நெருக்கமான கலவை. கரி எரியும் சூடு 550-லிருந்து 450-க்கு இறங்கியது. வடிகட்டியும் கார்டியரைட் என்ற வழக்கமான பீங்கானுக்குப் பதில் சூடு தாங்கும் சிலிக்கான் கார்பைடு. நீண்டகாலம் பழுதின்றி ஓடிய முதல் கார் வடிகட்டி ஏற்பாடு என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். அதற்கு முன் வந்தவை பலவும் பாதியில் நின்றவை.

நகரத்துக் காருக்கு இது எவ்வளவு தோதானது என்று யோசித்துப் பாருங்கள். 600-க்குப் பதில் 450 போதும் என்றால் கூடுதல் டீசல் குறைவு, ஆயிலில் இறங்குவது குறைவு, ரீஜென் முடிய ஆகும் நேரமும் குறைவு. நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்ற கவலை இல்லை. கந்தகத்துக்கும் பிளாட்டினம் அளவுக்கு அஞ்ச வேண்டாம். என் 12 நிமிடப் பள்ளி நடைக்கு எது வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஏன் எல்லோரும் இதைப் பின்பற்றவில்லை? சாம்பல். கரி எரிந்தால் வாயுவாகிப் போய்விடும். சீரியம் எரியாது. சொட்டுச் சொட்டாக டேங்கில் விட்டது அத்தனையும் கடைசியில் வடிகட்டிக்குள்தான் தங்கும். எல்லா வண்டியிலும் இன்ஜின் ஆயிலின் கால்சியம், துத்தநாகச் சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இங்கே அதோடு இதுவும். முதலில் வந்த அந்தக் கார்களில் 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தொட்டியை நிரப்பி, வடிகட்டியையும் கழற்றிக் கழுவ வேண்டியிருந்தது. பிறகு வந்த தலைமுறைகளில் சீரியத்தோடு இரும்பு சேர்ந்தது. அதற்கும் பிறகு இரும்பே போதும் என்றானது. அளவு குறைந்தது, கழுவும் இடைவெளி நீண்டது. அப்படியும் தனித் தொட்டி, பம்ப், அதற்கொரு மூளை என்று செலவு நிற்கவில்லை. வாடிக்கையாளர் மறக்காமல் நிரப்பவும் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எந்த உலோகத்தை வேண்டுமானாலும் டீசலில் கலந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. தாமிரம் கரியைப் பிரமாதமாக எரிக்கும். ஆனால் தாமிரம் கலந்த டீசலை வடிகட்டியோடு ஓட்டி, சுவிட்சர்லாந்தின் ஈஎம்பிஏ ஆய்வகத்தினர் புகையை அலசியபோது, குளோரின் கொஞ்சம் இருந்தாலே டையாக்சின்கள் பல மடங்கு பெருகுவதைக் கண்டார்கள். கரியைவிடக் கொடிய நஞ்சு. அதோடு தாமிரத்தின் கதை முடிந்தது. ஒரு வினையூக்கி தனக்கு இட்ட வேலையை மட்டும் செய்வதில்லை. அதே சூட்டில் வேறு எதையெல்லாம் செய்கிறது என்றும் பார்த்தாக வேண்டும்.

பெட்ரோல் பங்க்கிலும் உதிரிபாகக் கடையிலும் ‘டிபிஎஃப் கிளீனர்’ என்று பாட்டில் விற்கிறார்களே, அவற்றில் சில இந்த இரும்பு, சீரியம் வகையைச் சேர்ந்தவைதான். நம் கார்களின் வடிகட்டி பூச்சு வகை. கூடுதல் சாம்பலைக் கணக்கில் வைத்து அதைச் செய்யவில்லை. கையேட்டில் சொல்லாத பாட்டிலை டேங்கில் ஊற்றாதீர்கள்.

வெள்ளியும் சீரியாவும்: சுவரில் பூசும் வழி

சீரியத்தை டீசலில் கலந்தால் சாம்பல். சரி, சுவரில் பூசிவிட்டால்? சாம்பல் இல்லை, தொட்டி இல்லை. ஆனால் பழைய கரண்டிக் கலவை நிலைமைக்கே திரும்பி வந்துவிடுகிறோம். சீரியாவின் பலம், தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கடனாகக் கொடுத்துவிட்டு, காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வது. கடன் வாங்க வேண்டிய கரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தானே?

இங்கேதான் வெள்ளி வருகிறது. வெள்ளி ஆக்சிஜனைத் துடிப்பான வடிவத்துக்கு மாற்றும். அது மேற்பரப்பில் நகர்ந்துபோய்க் கரியைத் தொடும். ஜப்பானில் டொயோட்டாவின் மத்திய ஆய்வகத்தினர் 2010-இல் வெளியிட்ட வேலை எனக்கு மிகவும் பிடித்தது. நடுவில் வெள்ளி, சுற்றிலும் சீரியா மணிகள். அந்த ஊர்ச் சோற்று உருண்டையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 300 டிகிரிக்குக் கீழேயே கரியை எரிக்கத் தொடங்கியது. நைட்ரஜன் டைஆக்சைடு உதவி இல்லாமல், வெறும் ஆக்சிஜனில்!

விலையிலும் வெள்ளி பிளாட்டினத்துக்குப் பக்கத்தில் வராது. பிளாட்டினத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்தே வருகிறது என்பதால், அங்கே சுரங்கம் நின்றால் உலகமே தும்மும். வெள்ளிக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும் என்பது கொலுசு போட்ட வீடுகள் எல்லாவற்றுக்கும் தெரியும். 700, 800 டிகிரி சூட்டை மீண்டும் மீண்டும் பார்த்தால் வெள்ளித் துகள்கள் திரண்டு பருத்தும் விடும். இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாங்குமா என்பதுதான் இதன் முன்னுள்ள சவால். என் மனம் முழுக்க இந்தக் கட்சியின் பக்கம்தான், ஒளிப்பானேன். பிளாட்டினம் மாதிரி நைட்ரஜன் ஆக்சைடையும் நம்பாமல், டீசலில் கலக்கும் சீரியம் மாதிரி சாம்பலையும் கூட்டாமல் இருக்கிற வழி இது.

பொட்டாசியம்: உருகிப் பரவும் வழி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பொட்டாசியச் சேர்மங்கள் சில, சூட்டில் இளகி நகரக்கூடியவை. பொட்டாசியம் நைட்ரேட் 334 டிகிரியிலேயே உருகும். உருகியது கரியின் மேல் எண்ணெய் மாதிரி பரவினால் தொடுவது பற்றிய பிரச்சினையே தீர்ந்தது. ஆய்வகத்தில் முதல் நாள் பார்த்தால் பிளாட்டினத்தையே தோற்கடிக்கும். விலையோ மிக மலிவு.

மறுநாள் பாருங்கள். புகையில் உள்ள நீராவி குளிர்ந்து சொட்டும்போது பொட்டாசியம் கரைந்து ஓடும். மிகுந்த சூட்டில் ஆவியாகும். போதாக்குறைக்குக் கார்டியரைட் பீங்கானையே அரிக்கும். கரியிடம் போய்ச் சேரவைக்கிற அதே ஓட்டம்தான் அதை வடிகட்டியை விட்டும் ஓடவைக்கிறது. பொட்டாசியத்தைக் கண்ணாடிக்குள்ளும் வேறு ஆக்சைடுகளின் கட்டமைப்புக்குள்ளும் சிறைவைத்துப் பார்த்தார்கள். கட்டிப்போட்டால் ஓடவில்லை. ஓடாவிட்டால் கரியைத் தொடவும் இல்லை.

எந்த வண்டிக்கு எது

நீண்ட தூரம் ஓடும் லாரி, பேருந்து, வாடகைக் கார் என்றால் பிளாட்டினத் தூது வழிக்கு இன்று நிகர் இல்லை. சூடு இருக்கிறது, 10 பிபிஎம் டீசல் இருக்கிறது, பின்னால் யூரியா இருக்கிறது. கரி சேரச் சேர ஓட்டுநருக்கே தெரியாமல் எரிந்துபோகும். ஒரே ஒரு நிபந்தனை: சாம்பல் குறைந்த, பி.எஸ்-6-க்கென்று சொன்ன ஆயில். பழைய ஆயிலை விலை குறைவு என்று ஊற்றினால் எந்த வினையூக்கியாலும் அந்தச் சாம்பலை எரிக்க முடியாது.

சுரங்கம், சுரங்கப்பாதை வேலைகளில் நைட்ரஜன் டைஆக்சைடு ஆகாது. அங்கே இரும்பு, சீரியம் கலக்கும் வழிதான் மேல்.

நகரத்துக்குள் மட்டும் குறுநடை ஓடும் காருக்குத் தொழில்நுட்பக் கணக்கில் சீரியம் வழி முந்தும். ஆனால் நம் ஷோரூம்களில் அந்தத் தெரிவு ஏறக்குறைய இல்லை. அதனால் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது: தினமும் 5, 6 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் டீசல் கார் வாங்காதீர்கள். என்னைப் போல ஏற்கெனவே வாங்கியவர்கள் வாரம் ஒருமுறை அதற்கு ஓடும் பாதையைக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் பதிலாக வடிகட்டியை உடைத்தெடுத்து, மென்பொருளை மாற்றிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். என்னிடமே ஒருவர், “கழட்டிடலாம் சார், தலைவலி போயிடும்” என்றார். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. என் சைலன்சர் வாயின் உயரமும், பள்ளி வாசலில் நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கின் உயரமும் எவ்வளவு பக்கம் என்று நான் தினமும் பார்க்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு வரை ஒரு நடை போய் வருகிறேன். ஒரு கியர் குறைத்து, இன்ஜின் சுற்று 2000-க்குக் கீழே இறங்காமல் ஓட்டினால் போதும். மறைமலை நகர் தாண்டுவதற்குள் வடிகட்டி விளக்கு அணைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பேன். நான்கு மாதமாக ஆயில் கோட்டைத் தாண்டவில்லை.